பொட்டல நானா வாசித்த படக்கதை

ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாமல் ஆங்கிலப் பத்திரிகையை ஊருக்கே வாசித்துக் காட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் சிலிம் ரிவர் பக்கம், எங்கள் ரப்பர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் பொட்டல நானா.

துரை பங்களாவில் கழித்துவிட்ட பழைய பத்திரிகைகள் மிளகாய் மடிக்க அவர் கடைக்கு வரும். அவற்றில் கட்டம் கட்டமாகப் படக்கதை இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் நானா கிழிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பகலில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஜனம் கடை வாசலில் கூடும். நானா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்குவார்.

சிக்கல் ஒன்றுதான். நானா சின்ன வயதில் பள்ளிவாசலில் அரபு ஓதிப் படித்ததெல்லாம் வலமிருந்து இடமாக. படக்கதையையும் அப்படியே கடைசிக் கட்டத்தில்தான் தொடங்குவார்.

"பூனை மீனைக் கக்கித் தட்டுல வைக்குது. அப்புறம் நல்ல புள்ளையா வெளிய போவுது" என்பார். உடைந்த கண்ணாடி ஜன்னலில் போய் ஒட்டிக்கொள்ளும். போலீஸ்காரன் ஒருவனை மொத்துவான். மொத்து வாங்கியவன் அதற்குப் பிறகு போய்த் திருடுவான்.

"இது என்னா நியாயம் நானா? அடி மொதல்ல, குத்தம் பின்னாலயா?" என்று ஒருவர் கேட்டார்.

"நம்ம தோட்டத்துல வேற எப்படிலா நடக்குது?" என்றார் நானா. கூட்டம் ஒத்துக்கொண்டது.

நான் அப்போது தோட்ட ஆபீசில் கணக்கு எழுதப் புதிதாக வந்த கிராணி. ஈப்போவில் இங்கிலீஷ் படித்த திமிர் தலைக்கேறியிருந்தது. இந்த அநியாயத்தைத் தட்டிக் கேட்காவிட்டால் படித்தது எதற்கு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன்.

அன்றைய கதையில் நாலே கட்டம். சுவருக்குச் சாயம் அடிக்கிற ஒருவன் விசிலடித்தபடி ஏணியில் ஏறுகிறான், சறுக்கி அந்தரத்தில் பறக்கிறான், தரையில் விழுகிறான், உடம்பெல்லாம் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். நானா ஆஸ்பத்திரியில் தொடங்கி, அவனை எழுப்பி, தரையில் உட்கார வைத்து, பறக்க விட்டு, ஏணியில் ஏற்றிவிட்டார்.

"நிறுத்துங்க நானா! தலைகீழாப் படிக்கிறீங்க" என்று பத்திரிகையைப் பிடுங்கினேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த கருப்பாயி அக்கா எழுந்துவிட்டார். அவர் புருஷன் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துக் கூரையிலிருந்து விழுந்து, இரண்டு காலும் ஒடிந்து தாப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி நடப்பது சந்தேகம் என்று சொல்லியிருந்தார்கள்.

"கிராணி ஐயா, படிச்சவங்க நீங்க சொல்லுங்க. கட்டுப் போட்டவரு எந்திரிச்சு ஏணில ஏறுறாரா, இல்லையா?"

லயமே என்னைப் பார்த்தது. விரலை வலது ஓரத்து ஆஸ்பத்திரிக் கட்டத்தில் வைத்து, இடப்பக்கமாக ஏணிவரை நகர்த்தினேன்.

"ஏறுறாரு அக்கா. விசில்கூட அடிக்கிறாரு."

"பாத்தீங்களா, இங்கிலீஷ்லயும் அப்படித்தான் போட்டிருக்கான்லா!" என்று நானா என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

மூன்று மாதம் கழித்து அக்காவின் புருஷன் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார், இரண்டு அக்குளிலும் கட்டையோடு. கருப்பாயி அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. நானா கடையை விட்டு இறங்கி வந்து, அவரை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தார்.

"படுக்கைய விட்டு எந்திரிச்சாச்சு, தரைக்கு வந்தாச்சு. இன்னும் ரெண்டு கட்டம் பாக்கி இருக்குலா, அவசரப்படாதீங்க."

கருப்பாயி அக்கா அழுதுகொண்டே சிரித்துவிட்டார். சரியாகப் படிக்கத் தெரிந்த நான் போய் வண்டியிலிருந்து அவர்கள் மூட்டையை இறக்கினேன். அந்தக் கிறுக்கு நானாவை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.