ஸ்டெல்லாவின் லேப்டாப்பை நான் காலி செய்த கதை

கணினி கேட்கும் கேள்வியைப் படிக்காமலே, ஆமாம் என்பதற்கான ‘ஒய்’ விசையைத் தட்டும் கெட்ட பழக்கம் எனக்கு இருந்தது. அதை விடுவதற்கு ஒரு சனிக்கிழமையும் மனைவியின் லேப்டாப்பும் பலியாக வேண்டியிருந்தது.

அப்போது நான், கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸைத் தயாரிக்கும் ஒரு குழுவில் சம்பளமில்லாச் சேவகன். ஜாவா என்ற கணினி மொழியில் பெரிய மென்பொருளைச் சிறு துண்டுகளாக எழுதுவார்கள். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு சீட்டு: ‘எனக்கு இது வேண்டும், நான் இதைத் தருவேன்.’ எங்கள் லினக்ஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. (எவனாவது கையால் எழுதிச் சேர்க்க வேண்டும். அந்த எவன் நான்தான்.) தானாகப் படிக்க வைத்தே தீருவது என்று மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று ஒரு நிரல் எழுதினேன். அன்று ஹப்சிகுடாவில் குழுவின் முன் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் அடுத்த வெளியீட்டில் சேரும், இல்லாவிட்டால் குப்பை.

அன்று காலை பார்த்து என் லேப்டாப் மண்டையைப் போட்டது. மனைவி ஸ்டெல்லாவுடையதைக் கேட்டேன்; அதிலும் எங்கள் லினக்ஸ்தான். அவள் லோத்குண்டாவில் பிறந்து வளர்ந்தவள், தமிழில் அந்த ஊர் உருதுவைக் கலந்து பேசும் பள்ளி ஆசிரியை.

“திங்கக்கிழமை கொஸ்டின் பேப்பர் அதுலதான் இருக்கு, பாத்துக்கோங்க.”

“நான் என்ன சின்னப் பிள்ளையா?”

துண்டுகள் அழகாக ஏறின. கைதட்டினார்கள். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம், என் கிரகம் விடவில்லை. நீக்குவதும் சுலபம் என்று காட்ட, தேதி காட்டும் பொடித் துண்டு ஒன்றை நீக்கச் சொன்னேன். நீளமாக ஒரு பட்டியல் ஓடியது. நிச்சயமாகவா? ஒய். சந்தேகம் தீராத கணினி, தெரிந்துதான் செய்கிறேன் என்று முழு வாக்கியமாக எழுதித்தரச் சொன்னது. எழுதினேன், பிழையில்லாமல்!

என் நிரல் சீட்டைத் தலைகீழாகப் படித்திருந்தது. ஜாவாவே அந்தப் பொடித் துண்டை நம்பி இருப்பதாக எழுதி வைத்திருந்தது. துண்டு போனது, ஜாவா போனது, ஜாவாவை நம்பிய ஆபீஸ் மென்பொருள் போனது, அதன் பின்னாலேயே ஐகான், மெனு எல்லாம் போய்க் கறுப்புத் திரை மட்டும் மிஞ்சியது. யாரோ சிரித்தார்கள்.

“அடுத்தவங்க வரலாமா?” என்றார் கூட்டத்தை நடத்திய முரளி.

“இதைச் சரி பண்ணாம நான் எந்திரிக்க மாட்டேன் சார்.”

மூலையில் உட்கார்ந்து பிழையைத் திருத்தினேன். லேப்டாப்பை வாங்க நாலு மணிக்கு ஸ்டெல்லா வந்தாள்.

“என் கொஸ்டின் பேப்பர்?”

“உள்ளதான் இருக்கு. பாக்கத்தான் முடியாது.”

“கைக்கு, ஏன் உங்களுக்கு இந்த வேண்டாத வேலை?” என்றவள், நாற்காலியை இழுத்துப் போட்டு விசைப்பலகையில் கை வைத்தாள். “இனிமே ஒய் நான் அடிக்கிறேன். நீங்க லிஸ்ட்டைச் சத்தமாப் படிங்க.”

போனதையெல்லாம் திரும்ப ஏற்றும் பட்டியலை, கூட்டமே கேட்க, ஒவ்வொரு பெயராக வாசித்தேன். ஆறு மணிக்குத் திரை உயிர் பெற்றது. கொஸ்டின் பேப்பர் பத்திரம். விடாமல் அதே பொடித் துண்டை மறுபடி நீக்கிக் காட்டினேன். அது மட்டும் போனது. முரளி என் நிரலைச் சேர்த்துக்கொண்டார்.

போன வாரம், பழைய சோபாவை எடுத்துவிடலாம் என்றேன். தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்லும் எங்கள் மகள், “பப்பா, பெஹ்லே லிஸ்ட் படோ!” என்று முதலில் லிஸ்ட்டைப் படிக்கச் சொன்னாள்.

சோபாவோடு சேர்ந்து போகப்போவதை வாசித்தேன். “குஷன் ரெண்டு, ரிமோட் வைக்கிற இடம், அம்மாவோட மத்தியானத் தூக்கம்...”

“நக்கோ, வேண்டாம்,” என்றாள் ஸ்டெல்லா.

சோபா அங்கேயேதான் இருக்கிறது.