என் கோபம் குறைந்த விவரம்

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் சுமார். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் முழங்கால் உட்பட நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சென்ற முறை நான் வந்திருந்தபோது உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த மேலதிகாரியைப் பார்த்து, "ராத்திரி பத்து மணிக்கும் போன் போட்டு என் மாப்பிள்ளையை வேலை வாங்குற மகானுபாவர் நீங்கதானா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். தாங்கள் அன்றைக்கே, "மாமா, உங்க கோபம் உங்க உடம்புக்கும் ஆகாது, என் உத்தியோகத்துக்கும் ஆகாது. தினமும் ஜிம்முக்குப் போங்க. பயிற்சி முடிஞ்சதும் தியானம் பண்ணுங்க. குழந்தை பிறந்ததும் வாங்க, ஆனா கோபத்தை விட்டுட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினீர்கள். குழந்தை பிறந்து, இப்போது குப்புற விழவும் ஆரம்பித்துவிட்டாள் என்று போனில் காட்டுகிறார்கள். நான் இன்னும் போனைத்தான் கொஞ்சிக்கொண்டிருக்கிறேன். ஆகவே, கோபம் குறைந்துவிட்டதைத் தக்க ஆதாரத்துடன் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவதே இக்கடிதத்தின் நோக்கம்.

ஜிம்மில் முதல் நாளே என்னை டிரெட்மில்லில் ஏற்றிவிட்டார்கள். அது ஓடுகிறது, நானும் ஓடுகிறேன், எதிர்ச்சுவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எவ்வளவு ஓடியும் எங்கேயும் போய்ச் சேராத எரிச்சலில் எந்தப் பொத்தானையோ அமுக்க, அது இன்னும் வேகமெடுத்து என்னைப் பின்னால் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்த பல் டாக்டரம்மாவின் காலடியில் கொண்டுபோய்ப் போட்டது. அந்த அம்மாள் பதறாமல், "பல்லு ஏதும் ஆடுதா?" என்று கேட்டுவிட்டுப் பயிற்சியைத் தொடர்ந்தார். பிறகு ஜிம் மாஸ்டர் என்னைப் பாயில் உட்காரவைத்து, "உடம்பு களைச்சிருக்கும்போது மனசு சண்டைக்கு வராது சார். கண்ணை மூடி மூச்சைக் கவனிங்க. எந்த நினைப்பு வந்தாலும் தடுக்காதீங்க, வந்துட்டுப் போகட்டும்" என்றார். பொய் சொல்லக் கூடாது, ஆள் சொன்னது நிஜம்தான். தோள் தானாக இறங்கியது, படபடப்பு அடங்கியது, நெஞ்சில் இருந்து யாரோ மூட்டையை இறக்கிவைத்தது போல இருந்தது. நினைப்புகளும் வந்தன. கல்யாணப் போட்டோவில் உங்கள் அப்பா என்னை ஓரங்கட்டியதில் படத்தில் என் காது மட்டும் விழுந்த நினைப்பு, நான் தோளில் சுமந்துவந்து கொடுத்த தேக்கு அலமாரியில் தாங்கள் செருப்பு அடுக்கிவைத்திருக்கிற நினைப்பு. எல்லாவற்றையும் வந்துட்டுப் போகட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

அதிசயம் என்னவென்றால், தியானத்துக்கு முதலில் நானும் மாஸ்டரும் மட்டும்தான். அப்புறம் டாக்டரம்மா வந்தார். வங்கிக் காவலாளி வந்தார். ஒரு நாளும் எடை தூக்காத எதிர்க்கடை சாவிக்காரர்கூட கடையைப் பூட்டிவிட்டு வந்து முன்வரிசையில் பாய் போட்டார். எனக்குத் 'தொடர்கதை ஐயா' என்று பட்டப்பெயர். விடாமல் வருகிறேனே, அதனால்தான் என்று எண்ணி, முகத்தில் ஒரு தேஜஸ் வந்துவிட்டதோ என்று வீட்டில் கண்ணாடியும் பார்த்துக்கொண்டேன்.

போன வாரம் ஜலதோஷத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. அன்றைக்கும் போய் உட்கார்ந்து எழுந்தேன். எல்லோர் முகமும் தொங்கிப்போயிருந்தது. "என்ன சார், இன்னைக்கு ஒண்ணுமே சொல்லலையே? அந்தச் செருப்பு அலமாரி கடைசியில என்னதான் ஆச்சு?" என்கிறார் டாக்டரம்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விஷயம் இதுதான் மாப்பிள்ளை. நூற்பாலையில் முப்பது வருஷம் மேற்பார்வை பார்த்தவன் நான். இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே கேட்காது, அதனால் முதலாளியை, மேனேஜரை, மனசுக்குள் திட்டவேண்டியதையெல்லாம் வாய்விட்டே திட்டிப் பழகிவிட்டேன். சத்தம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை; தியானத்தில் வந்த நினைப்பையெல்லாம் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். காதும் மந்தம், நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. நம்ம குடும்ப விவகாரம் பூராவும் ஜிம்முக்கே அத்துப்படி! மானம் கப்பலேறிப் போச்சு.

கோபம் வந்ததா என்றால், வரவில்லை. மாஸ்டரை "யோவ், நீயாவது சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன், அது கோபத்தில் சேர்த்தியில்லை. அப்போது சாவிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க சார். உங்க சண்டைக் கதையெல்லாம் எப்பவோ தீர்ந்துபோச்சு. இப்பல்லாம் உட்கார்ந்தா ஒரே பாட்டுதான். 'பாப்பாவுக்கு என்னைத் தெரியுமா, நான் தூக்கினா அழுமா, அழுமா'ன்னு. எங்களாலயே கேக்க முடியல. போய்ப் பாத்துட்டு வந்துடுங்க சார்" என்றார். நான் அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. ஆனால் பொய்யில்லை. மாப்பிள்ளை, உங்கள் அப்பா மேலும் அலமாரி மேலும் எனக்கு இனி ஒரு வருத்தமும் கிடையாது. குழந்தையை ஒரு தடவை தூக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தயவுசெய்து வரச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள்.

சம்பந்தி தம்பதிக்கு என் வணக்கம். மகளுக்கு ஆசீர்வாதம். பேத்திக்கு, போன் வழியாகக் கொடுத்தது போக மீதி முத்தங்கள்.

இங்ஙனம்,
சாந்தமே உருவான உங்கள் மாமனார்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்கு முன் உங்கள் அத்தையிடம் காட்டினேன். படித்துவிட்டு, "மாப்பிள்ளை என்கிட்ட உங்களை வரச் சொல்லி ஒரு மாசம் ஆச்சு. நீங்க ஜிம்முக்குப் போற அந்தக் கொஞ்ச நேரந்தான் வீடு நிம்மதியா இருந்துது, அதான் சொல்லல" என்கிறாள், கூசாமல். ஒரு மாசம்! மேலே கோபம் குறைந்ததாக எழுதிய இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். நான் போட்ட கூச்சலில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார், அவரையும் இரண்டு கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். இதை ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், கடிதத்தை நானே நேரில் தருகிறேன். கதவைத் திறந்ததும் முதலில் குழந்தையைக் கொடுங்கள், கடிதத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.