நாற்பது நாள் பத்தியம்

கார்த்திக மாதம் பிறந்த புதன்கிழமையன்று, மனைவியை விட்டு நாற்பது நாள் தள்ளிப் படுப்பது என்று தீர்மானித்தேன். சாவதற்கு எனக்கு விருப்பமில்லை. அது ஒன்றுதான் காரணம்.

பரேலிக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் நான் டிக்கெட் கொடுக்கிறேன். என் ஜன்னலுக்கு நேர் எதிரே, தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு நீளச் சுவர். அதில் ஆள் உயர எழுத்து: 'களைப்பா? நடுக்கமா? ஒரு துளி போனால் நூறு துளி ரத்தம் போச்சு. ஹக்கீம் மிர்ஸா பேக். ஆண்களுக்கு மட்டும். ஞாயிறு விடுமுறை.' வண்டியில் போகிறவர்கள் அதை அரை நிமிஷம் படித்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் இருபத்து மூன்று வருஷமாகப் படிக்கிறேன். சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது.

மகள் ரச்னா கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் நானும் ஓம்வதியும் மட்டும். இத்தனை வருஷம் தள்ளிப்போட்டதெல்லாம் திரும்பி வந்தது. வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் முடிந்ததும் கண் சொருகும். மறுநாள் கவுன்டரில் உட்கார்ந்தால் கை தூக்க முடியாது. நூறு துளி, இருநூறு துளி என்று சுவர் சொல்லிக்கொண்டே இருக்கும். என் அப்பா ஐம்பது வயதில், சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் சாய்ந்தவர். வருகிற ஹோலிக்கு எனக்கு ஐம்பது.

தீர்மானத்துக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, ஹக்கீமிடம் போனேன். அவர் வீட்டின் முன்பகுதிதான் மருந்துக்கடை. நாடி பிடித்தார்.

"களைப்பு எப்போ வருது, பாபு?"

"அதுக்கப்புறம்."

"எதுக்கப்புறம்?"

"அதுக்குத்தான்."

"தூக்கம்?"

"சொல்லி முடிக்கிறதுக்குள்ள வந்துடுது."

"பேரு என்ன?"

"சியாராம் கங்வார்."

"சம்சாரம் பேரு?"

மருந்துக்கும் சம்சாரத்தின் பேருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தைரியமில்லை. சொன்னேன். அவர் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். பழைய கிரந்தத்தைப் புரட்டப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் முகம் கனத்திருந்தது.

"நாற்பது நாள்."

"உயிரோட இருக்கிறதா?"

"தள்ளி இருக்கிறது. கை விரல்கூடப் படக்கூடாது. காலைல பாலில் சூரணம், சாயங்காலம் ரெண்டு லட்டு. வீட்டில யாருக்கும் தெரிய வேண்டாம்."

மறுநாள் ஓம்வதி ஜரிகை வேலைக்குக் கிளம்பும்போது சொன்னேன். ஒரு வீட்டு வெராந்தாவில் பெரிய மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, சுற்றி எட்டுப் பெண்கள் உட்கார்ந்து தைப்பார்கள். கை துணியில் இருக்கும், வாய் ஊரில் இருக்கும்.

"ரச்னா அம்மா, நான் விரதம் எடுத்திருக்கேன். நாப்பது நாள்."

"என்ன விரதம்?"

"கார்த்திக விரதம்."

"கார்த்திகத்துக்கு முப்பது நாள்தானே?"

"பத்து நாள் கொசுறு."

"சாமிக்கே கொசுறா. சரி, எங்க படுக்கப் போறீங்க?"

"முன்னறையில."

"கட்டில் போட்டாச்சு."

அந்த இடத்திலேயே நான் யோசித்திருக்க வேண்டும். சாகப் போகிறவனுக்கு யோசனை ஓடுவதில்லை.

முன்னறையில் படுத்தேன். கயிற்றுக் கட்டில் முதுகில் கோலம் போட்டது. நெஞ்சு துடிக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் தூக்கம் போனது. லட்டு தின்றேன்.

"விரதத்துல லட்டு உண்டா?" என்றாள்.

"பிரசாதம்."

"எந்தக் கோயில்ல பாதாம் போட்டுக் குடுக்கறாங்க? சொன்னா நானும் விரதம் இருப்பேன்."

இருபது நாளில் எனக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்தது. ஓம்வதிக்கோ கன்னம் பளபளத்தது. ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்துவாள், ஐந்து மணிக்குப் பாட்டோடு எழுந்திருப்பாள். நான் சேர்த்து வைக்கிற சத்தெல்லாம் சுவர் தாண்டி அவளுக்குப் போகிறதோ என்று சந்தேகம் வந்தது. முப்பத்தெட்டாவது நாள் ராம்பூருக்குக் கேட்டவருக்கு பிலிபித் டிக்கெட் கொடுத்தேன். அவர் திட்டிய வார்த்தைகள் நியாயமானவை. திருப்பித் திட்ட மூச்சு இல்லை.

நாற்பதாவது நாள் இருட்டியதும் தலையணையை இடுக்கிக்கொண்டு அவள் அறை வாசலில் நின்றேன். அவள் போர்வை உதறிக்கொண்டிருந்தாள்.

"களைப்பு போச்சா?"

"விரதத்துக்கும் களைப்புக்கும் என்ன?"

"ரச்னா அப்பா, போச்சா இல்லையா?"

"கூடிப்போச்சு."

"நாப்பது நாளா ஒண்ணும் நடக்கல. அப்போ களைப்பு எதுலேருந்து வந்தது?"

இருபத்து மூன்று வருஷம் படித்த சுவரை மனசுக்குள் மேலிருந்து கீழ் வரை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன்.

"அது முடிஞ்சு கொஞ்சம் தூக்கம் வர்றது எல்லா ஆம்பளைக்கும் உள்ளதுதான். நாள் பூரா தொங்கிப்போறது வேற. நாளைக்குக் காலைல ரயில்வே ஆஸ்பத்திரில ரத்தம் பாக்கறோம். நானும் வரேன். உங்க அப்பாவை யாராவது இழுத்துட்டுப் போயிருந்தா அவரும் இருந்திருப்பாரோ என்னமோ."

தலையணையை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஹக்கீம் திரைக்குப் பின்னால போனாரே, எதுக்கு?"

"கிரந்தம் பாக்க."

"கிரந்தம் இல்ல, நஸீமா ஆபா. அவர் வீட்டுக்காரி. மரச்சட்டத்துல எனக்கு எதிர்ல உக்காந்து தைக்கிற அக்கா."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"பகல் பூரா ஜரிகைல கண்ணு எரியுது, ஒரு மாசம் ராத்திரி கொஞ்சம் தூங்கினா தேவலைன்னு ஆபாகிட்ட சொல்லியிருந்தேன். அடுத்த வாரமே நீங்க அங்க போய் நிக்கறீங்க. பேரைக் கேட்டதும் எத்தனை நாள்னு அவதான் சொல்லி அனுப்பியிருக்கா. அன்னிக்குச் சாயங்காலமே எனக்கும் சேதி வந்துடுச்சு. நான் கேட்டது முப்பது. பத்து நாள் அவ போட்ட கொசுறு."

"எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"சொல்றதுக்குள்ளதான் தூங்கிடறீங்களே."

நியாயம்தான். தலையணையைப் போட்டு, அவள் பக்கம் நகர்ந்து, மெதுவாகக் கையை நீட்டினேன். அவள் விளக்கை அணைத்தாள்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு."

"உங்க சுவத்துல கடைசி வரி என்ன?"

மனப்பாடமாகத் தெரியும். கையை மடக்கிக்கொண்டேன்.