குண்டனுக்கு ஊட்டியது யார்?

"கையை நீட்டுங்க மாமா."

மாமனார் நீட்டினார். லிஃப்ட் மெக்கானிக் குனிந்து ஐந்து விரல்களையும் முகர்ந்து பார்த்தார்.

"சோப்பு வாசனை அடிக்குதே? சாப்பிட்டுக் கழுவினீங்களா, ஊட்டிட்டுக் கழுவினீங்களா?"

"மாப்பிள்ளை, நான் உங்களுக்குப் பொண்ணு கொடுத்தவன்!"

நடுவில் உட்கார்ந்து கரகரவென்று சொறிந்துகொண்டிருந்தான் குண்டன் என்கிற நாய். வயிறெல்லாம் சிவப்பு, காதோரம் முடியே இல்லை.

உண்ணி இல்லை, பூஞ்சை இல்லை, ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். எட்டு வாரம் மீனும் உருளைக்கிழங்கும் மட்டும். அரிப்பு நின்றதும், முன்பு தின்றவற்றை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தால் எது வம்பு செய்கிறது என்று தெரிந்துவிடும். மெக்கானிக்குக்குக் கேட்டதுமே பிடித்துப்போனது. நின்றுபோன லிஃப்டையும் இப்படித்தான் பார்ப்பார்: எல்லா இணைப்பையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டுவது.

"வேற எதுவும் ஒரு துணுக்குகூட வாயில படக்கூடாது" என்று டாக்டர் விரலை ஆட்டினார். "பட்டா ஒரு வாரம் சொறியும்."

ஆறு வாரமாகியும் சொறிந்தான். ஆக, வீட்டில் யாரோ ஊட்டுகிறார்கள்!

முதலில் சமையலறையைப் பூட்டினார். தண்ணீர் குடிக்க மனைவி சாவி கேட்க வேண்டியதாயிற்று. பிறகு நாயின் எதிரில் யாரும் சாப்பிடக் கூடாது என்றார். மகள் குளியலறைக்குள் நின்று ரொட்டி தின்றாள். இப்போது விரல் சோதனை.

"சட்டைப் பையைக் காட்டுங்க."

பையில் பிஸ்கட் தூள்.

"ஆகா!"

"அது எனக்கு வாங்கினதுய்யா! சமையலறையைப் பூட்டிட்டா மனுஷன் வேற என்னத்தைத் தின்பான்?"

அன்றே மாமனார் பெட்டியைக் கட்டினார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மனைவியும் கிளம்பினாள்.

"இப்ப வீட்ல நீங்களும் நாயும்தான். இனிமே சொறிஞ்சா யார் பையைத் துழாவுறீங்கன்னு பாக்கறேன். குண்டன் தேறினப்புறம் கூப்பிடுங்க, வர்றோம்."

ஆள் அரவமில்லாத வீட்டில் குண்டன் ஒரு குறையும் வைக்காமல் சொறிந்தான். மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் விரல்களைத் தானே முகர்ந்து பார்த்தார்.

வாராவாரம் காதுக்கு மருந்து விடும் நாள் வந்தது. ஆஸ்பத்திரியில் குண்டனை உள்ளறைக்குக் கூட்டிப்போன டாக்டர், கடுகடுவென்ற முகத்தோடு வெளியே வந்தார்.

"மறைக்காம சொல்லுங்க. யாரோ ஊட்டுறாங்க."

"வீட்ல யாருமே இல்ல டாக்டர்! நானே உருளைக்கிழங்குதான் தின்னுட்டிருக்கேன்!"

"அப்ப நீங்கதான்."

மெக்கானிக் தன் சட்டைப் பையையே வெளியே இழுத்துக் காட்டினார். குடும்பமே போயிற்று, இப்போது திருட்டுப் பட்டமும் தன் தலையிலா?

உள்ளேயிருந்து குண்டனின் வாயைத் துடைத்தபடி வந்தாள், டாக்டருக்கு உதவியாக இருக்கும் பெண்.

"சமத்து சார் இவன்! மருந்து விடறப்ப சத்தமே போட மாட்டான். டாக்டர் கையால ரெண்டே ரெண்டு கோழி பிஸ்கட் ஊட்டிட்டாப் போதும், வாராவாரம் அப்படியே சொக்கிப் போயிடுவான்!"