கண்ணை மூடினால் கவுன்சிலிங்

மௌனம் ஒரு கருவி என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கருவியை எப்படி நிறுத்துவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

பாஸ்டர் மகன் எதிரே இருந்த தம்பதியைப் பார்த்து இன்னொரு முறை புன்னகைத்தான். கன்னம் வலித்தது. சபையின் பாடகர் குழு மாஸ்டரும் அவர் மனைவியும் பதிலுக்குப் புன்னகைக்கவில்லை. ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் குட்டி நாற்காலிகள் என்பதால் மூவரின் முழங்கால்களும் தாடைக்குப் பக்கத்தில் இருந்தன. அறையின் ஒரே பெரிய நாற்காலியில், மூலையில், பயிற்சி மேடம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இன்று மேடம் பாஸ் போட்டால் அவன் கவுன்சிலர். போடாவிட்டால் வேதாகமக் கல்லூரி. அப்பாவோடு ஒப்பந்தம் அப்படி.

"ஜெபத்துல தீராதது உன்கிட்ட பேசித் தீரப்போகுதா?" என்பது பாஸ்டர் கட்சி.

"ரெண்டும் சேர்ந்து தீர்க்கலாம்ப்பா" என்பது மகன் கட்சி.

ஆனால் சபையில் ஒருவரும் வரத் தயாராக இல்லை. வந்தால் வீட்டில் பிரச்சினை என்று தெரிந்துவிடுமாம். கடைசியில் பாஸ்டரே பெரிய மனது பண்ணி, "நம்ம மாஸ்டர் வீட்ல ஏதோ மனத்தாங்கல். நானே பேசி அனுப்பி வைக்கிறேன்" என்றபோது மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்று காலை வீட்டுக் கூடத்தில் புத்தம் புதுப் பயணப் பெட்டி ஒன்று நின்றதை அந்தக் கலக்கத்தில் அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "அறிவுரை கூடாது. அவங்களா கேக்காம ஜெபம் கூடாது. பாஸ்டர் வீட்டுப் பிள்ளைக்குக் கை தானா கூப்பும். அடக்கிக்க."

அடக்கிக்கொண்டு, "நீங்க பேசத் தயங்கறீங்கன்னு எனக்குப் புரியுது" என்றான்.

மாஸ்டர் தலையாட்டினார். மனைவியும் தலையாட்டினார். புரிந்தவரைக்கும் எல்லோருக்கும் திருப்தி.

டிஷ்யூ டப்பாவை மெல்ல அவர்கள் பக்கம் நகர்த்தினான். மாஸ்டர் ஒன்றை உருவி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி அவனையே பார்த்தார். இப்போது இன்னும் தெளிவாக.

வாயால் வராதது கையால் வரட்டும் என்று காகிதமும் கிரேயானும் கொடுத்தான். "உங்க குடும்பத்த வரைங்க அங்கிள்."

மாஸ்டர் ஒரு கீபோர்டு வரைந்தார். எட்டிப் பார்த்த மனைவி கறுப்புக் கிரேயானை எடுத்து, அந்தக் கீபோர்டின் மேல் கிரேயான் உடையும்வரை கிறுக்கினார்.

"கோபமா இருக்கீங்களா ஆன்ட்டி?" என்றான், லாட்டரி விழுந்தவன் குரலில்.

ஆன்ட்டி கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். மேடம் எதையோ எழுதி அடிக்கோடு போட்டார்.

போச்சு. அவன் தலையைத் தொங்கப் போட்டான்.

சபைக்காரர்கள் இருக்கும் அறையில் செய்யக் கூடாத காரியம் அது. ஒருவர் தலைகுனிந்து சும்மா இருந்தால், பக்கத்தில் இருப்பவர் ஜெபத்தை ஆரம்பிக்கலாம் என்று பொருள்.

"அன்பின் பரலோகப் பிதாவே," என்று ஆன்ட்டி கண்ணை மூடினார். "இந்த மனுஷனை நீர் அறிவீர். எனக்கு வச்சிருந்த தனிப்பாட்டைப் பிடுங்கி பல் டாக்டர் பொண்ணுக்குக் கொடுத்தாரே, அதையும் நீர் அறிவீர். நானும் நோட்டீஸ் போர்டுல பார்த்துத்தான் அறிஞ்சேன், ஆண்டவரே."

மாஸ்டரின் கண்களும் மூடிக்கொண்டன. "கர்த்தாவே, மேல் சுருதியில இவளுக்குக் குரல் உடையுறத நீர் கேட்டீர். பின் பெஞ்சுப் பசங்க சிரிச்சதையும் கேட்டீர். அதை நான் எந்த வாயால இவகிட்ட சொல்லுவேன்?"

"அதுக்குத்தானே ஒரு வாய் கொடுத்தீர் ஆண்டவரே. வீட்ல அது சாப்பிட மட்டும்தான் திறக்குது."

பாஸ்டர் மகன் எழுந்து ஆடாத குறை. உணர்ச்சி, காரணம், காயம், எல்லாம் வரிசையாக வந்து விழுகின்றன. ஆனால் அவனுக்கு அதில் இடமில்லை. பேச்சு மேலே போய்க்கொண்டிருந்தது.

"இந்தத் தம்பியையும் ஜெபிக்க ஏவும் ஆண்டவரே," என்றார் ஆன்ட்டி.

கேட்டுவிட்டார்கள். விதிப்படியே கேட்டுவிட்டார்கள். அவன் கண்ணை இறுக்கி மூடினான்.

"ஆண்டவரே, ஆன்ட்டி சொல்றதை நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு பாரும். பாட்டு போனதுல இல்ல, சொல்லாம எடுத்ததுலதான் வலி. சரியா, ஆண்டவரே?"

"சரிதான் ஆண்டவரே."

"பத்துக்கு எத்தனை வலி ஆண்டவரே?"

"ஒம்பது, பிதாவே."

"அங்கிள் மறைச்சது அவமானப்படுத்த இல்ல. யாரும் சிரிச்சிடக் கூடாதுன்னு பயம். இது சரியா, கர்த்தாவே?"

மாஸ்டரின் குட்டி நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு அவர், "சுருதியக் குறைச்சு அவளையே பாட வைக்கிறேன்னு சொல்லும் ஆண்டவரே" என்றார்.

"இப்ப வலி எத்தனை?"

"மூணு." ஆன்ட்டி மூக்கை உறிஞ்சினார். "பல் டாக்டர் பொண்ணு கோரஸ்ல நிக்கட்டும். ரெண்டு."

"ஆமென்" என்று நான்கு குரல் கேட்டது. நான்காவது மேடத்துடையது. எந்தச் சபைக்கும் போகாதவர் அவர். சட்டென்று பேனாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

கண் திறந்ததும் தம்பதி இருவரின் வாயும் பழையபடி பூட்டிக்கொண்டது. ஆனால் மாஸ்டரின் கை மனைவியின் கைமேல் இருந்தது. அவனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அப்படியே எழுந்து வெளியே போனார்கள்.

"இப்படி ஒரு முறையே கிடையாது," என்றார் மேடம். "ஆனா வந்தவங்க எந்த வழியில பேசறாங்களோ அந்த வழியிலயே போகணும்னு நான்தானே சொல்லிக் கொடுத்தேன். பாஸ்."

அவன் குட்டி நாற்காலி இடுப்பில் சிக்கியதுகூடத் தெரியாமல், அதோடேயே வராந்தாவுக்கு ஓடினான். அங்கே அப்பா நின்றிருந்தார், கையில் புதுப் பெட்டியோடு.

"அப்பா, பாஸ்!"

பாஸ்டர் முகம் போன போக்கைப் பார்த்து, செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மாஸ்டர் பதறிப்போனார்.

"நாங்க வாக்கு மாறல பாஸ்டர். தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசாம உக்காந்துட்டு வரச் சொன்னீங்க, அப்படியேதான் செஞ்சோம். ஆண்டவர்கிட்ட பேசக் கூடாதுன்னு நீங்க சொல்லலையே."