பீரோவிலிருந்து தப்ப ஒரு லேப்டாப்

சகலையின் பீரோவை இனித் தொடுவதில்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சபதம் எடுத்தேன்.

சகலை சுந்தரம் ஸ்ரீராம்புரத்திலிருந்து லிங்கராஜபுரத்துக்கு வீடு மாறுகிறார். புது வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. பீரோ இரும்பு. போன தடவை அதைத் தூக்கியதில், என் இடுப்பு இன்னும் அவருடைய பழைய வீட்டிலேயே இருக்கிறது.

கைகொடுத்தது ஆபீஸ் லேப்டாப். மூடியைத் திறந்தால் முழிக்கவில்லை. விசிறி ஓடுகிறது, கீபோர்டில் விளக்கு எரிகிறது, திரை மட்டும் கன்னங்கரேல். நேற்று படம் பார்க்க டிவியோடு கோர்த்த ஒயரைக்கூடக் கழற்றாமல், டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் பதினோரு வருஷமாக அடுத்தவன் கம்ப்யூட்டரை எழுப்பிச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஒரு கம்ப்யூட்டர் எழாததற்குச் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

"ஏங்க, கிளம்பலையா? அக்கா ரெண்டு தடவை போன் பண்ணிட்டா" என்றாள் என் மனைவி தாரணி.

"எங்கே கிளம்புறது? இது எந்திரிக்க மாட்டேங்குது. இன்னைக்கு எனக்கு டியூட்டி வேற. வேலையே போயிடும்."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"அதெல்லாம் கஸ்டமருக்குச் சொல்றதும்மா."

உண்மையில் பயம். செய்து, எழுந்துவிட்டால்?

"சரி, அது எந்திரிக்கிற வரைக்கும் நான் டிவி பாக்குறேன். சத்தம் வைக்கலை, நீங்க வேலையப் பாருங்க."

பழக்க தோஷம், பாஸ்வேர்டை இருட்டிலேயே தட்டினேன். பாவனைக்கு இன்னும் பத்துத் தட்டு. பிறகு போனை மடியில் வைத்து, நண்பன் ரகுராமுக்கு எழுதினேன்: 'மேனேஜர் நம்பிட்டா. பதினோரு மணிக்கு கேரம் போர்டோட வா.' வீட்டில் மேனேஜர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

"என்ன வியாதிங்க அதுக்கு?"

"மதர்போர்டு."

"ஐயோ பாவம். ரொம்ப நேரமாகுமா?"

"சாயங்காலம் ஆயிடும். நீ மட்டும் போயிட்டு வா."

"உங்களுக்கும் இடுப்பு சரியில்லை."

ஒன்பது வருஷத் தாம்பத்தியத்தில் இவ்வளவு அனுதாபம் கிடைத்ததில்லை. தைரியம் வந்து இன்னொன்று எழுதினேன்: 'சகலை பீரோவை மேனேஜர் பரம்பரையே தூக்கட்டும்.'

முதுகுக்குப் பின்னாலிருந்து தாரணி நிதானமாகச் சொன்னாள்: "எங்க பரம்பரையில இடுப்பு உள்ளவங்க கம்மிங்க. அதனாலதான் உங்களைக் கட்டிக்கிட்டோம்."

திரும்பினேன். நாற்பத்து மூன்று அங்குல டிவியில் என் அரட்டை, வரிக்கு வரி. போனில் எழுதுவது லேப்டாப்பிலும் விழும்படி வைத்திருப்பவன் நான். ஆபீஸில் வேலை பார்ப்பது போலவே இருக்கும். படம் டிவியில் மட்டும் தெரிந்தால் போதும் என்று நேற்று செட்டிங் வைத்தவனும் நானே. லேப்டாப் காலையிலேயே முழித்துவிட்டது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"ஒயரை நான் புடுங்கவா, நீங்களே புடுங்குறீங்களா?"

பிடுங்கினேன். திரை பளிச்சென்று வந்தது. என் முகம்தான் கறுத்தது.

"மேனேஜர் இன்னும் நம்பலை. இப்ப நான் சொல்றதை எழுதுங்க."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'கேரம் இடம் மாறிடுச்சு. லிங்கராஜபுரம் வா. பிரியாணி உண்டு.'

பன்னிரண்டு மணி. இரண்டாவது மாடித் திருப்பம். பீரோவின் கீழ் முனையிலிருந்து ரகுராமின் குரல் மட்டும் மூச்சிரைத்து வந்தது.

"மச்சி, பிரியாணி எந்த மாடி?"