இரண்டாம் இடத்தின் ஐந்து கோடி

மனித மேன்மையை அளக்க இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட கருவிகளில் பிழையில்லாதது ஒன்றே ஒன்றுதான்: கோல்ஃப் வீரர்களின் வாழ்நாள் பரிசுத்தொகைப் பட்டியல். ஃபுளோரிடாவில் கோல்ஃப் போட்டிகளை நடத்தும் எங்கள் அலுவலகத்தில் அதைப் பராமரிக்கும் பாக்கியம் பதினெட்டு ஆண்டுகளாக அடியேனுக்கு.

சென்ற மார்ச்சில் காரெட் லின்குவிஸ்ட் ஐந்து கோடி டாலரைத் தாண்டவிருந்தார். பதினாறு ஆண்டுகளில் ஒரு கோப்பைகூட வென்றதில்லை. இரண்டாம் இடம் மட்டும் இருபத்திரண்டு முறை. இந்தச் 'சீரான சிறப்பை'ப் போற்ற எங்கள் இயக்குநர் நான்கு கூட்டங்கள் நடத்தினார். கேடயம் தருவது, கடைசிக் குழியருகே வீரர்களின் வருமானம் ஏறுவதைக் காட்டும் பலகை வைப்பது, ஆர்வில் டேட்டை விருந்தினராக அழைப்பது என்றெல்லாம் முடிவானது. நான்காவது கூட்டம் முழுவதும் கேக்கின் அகலத்துக்கே சரியாகப் போயிற்று.

ஆர்வில் எண்பத்தொரு வயதுக்காரர். பதினான்கு கோப்பைகள் வென்றவர். அந்தக் காலப் பரிசுகளில் வாழ்நாள் வருமானம் மூன்று லட்சம் டாலர் சொச்சம். பட்டியலில் ஆயிரத்து நூற்றுப் பதினேழாம் இடம். 'அப்படிப்பட்டவரை'யும் அழைத்தது எங்கள் பெருந்தன்மை.

ஞாயிறு மாலை, கடைசிக் குழி. முன்னால் ஆடிய இளைஞன் காரெட்டைவிட ஓர் அடி குறைவாக, அதாவது முன்னிலையில், முடித்துவிட்டுக் காத்திருந்தான். குழிக்கு முன்னிருந்த குளத்துக்கு இக்கரையில் காரெட்டும், அவருடைய பையைச் சுமக்கும் மாஸும் நின்றார்கள். பார்வையாளர் கயிற்றுக்கு இப்பால் நானும் ஆர்விலும்.

"குழிக் கொடி தண்ணிய ஒட்டினாப்ல இருக்கு, பாஸ். நேரா அடிங்க. அதுகிட்ட விழுந்தா ஒரே தட்டுல குழிக்குள்ள, சமன். அப்புறம் அந்தப் பையனோட மோதிப் பாத்துரலாம்."

"தண்ணில விழுந்தா?"

"பந்துதான் நனையும். நீங்களா நனையப் போறீங்க?"

காரெட் பலகையை நிமிர்ந்து பார்த்தார். "அஞ்சாவது எடத்துக்குப் போயிருவேன், மாஸ். அஞ்சு கோடி வராது. கேடயத்துல பேர வேற பொறிச்சுட்டாங்களாம்."

"உங்க பொண்ணு கோப்பைதானே கேட்டுச்சு?"

"கேக் இருக்குல்ல. சமாதானமாயிருவா."

பந்து குளத்தின் பக்கமே போகாமல், பத்திரமான இடது ஓரத்தில் விழுந்தது. இரண்டு தட்டு. இருபத்து மூன்றாவது இரண்டாம் இடம். பலகையில் ஐந்து கோடி மின்னியது. இயக்குநர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

ஆர்வில் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு காரெட்டிடம் கேட்டார்: "தம்பி, கொடிகிட்ட அந்த அடி உனக்கு அடிக்கத் தெரியும்ல?"

"தெரியும் சார். காலைல பயிற்சில நாலு தடவ அடிச்சேன். நாலும் கொடிகிட்டதான் விழுந்துச்சு."

"அப்புறம் என்ன?"

"பயிற்சிக்குப் பணம் கெடையாதே சார். தண்ணில விழுந்தாலும் ஒண்ணும் போகாது."

கிழவர், "கனமா இருக்கு, பாத்துப் பிடி" என்று கேடயத்தைக் கொடுத்தார். காரெட் அதைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். கூட்டம் கேக்கைச் சூழ்ந்தது.

திரும்பும்போது, கொடியருகே கோப்பையுடன் தனியாக நின்ற இளைஞனை ஆர்வில் காட்டினார். "ஜெயிச்ச அந்தப் பையன் பேரென்னப்பா?"

கடமை தவறாதவன் நான். உடனே பட்டியலைத் திறந்தேன். மொத்த வருமானம், இவ்வாண்டு வருமானம், அடி ஒன்றுக்கு வருமானம் என்று முப்பத்தொரு கட்டங்கள். ஜெயித்தவருக்கென்று ஒரு கட்டம் இல்லை.

"அது எங்க பிரிவுல வராதுங்க ஐயா" என்றேன், மிகுந்த பணிவோடு.